டியேகாவின் டிரைவிங் ஸ்கூல்

நுன்சியோ அந்த நீல நிறக் காரை வாங்கியது ஓட்டுவதற்காக அல்ல, கழுவுவதற்காக என்றுதான் ஜேம்ஸ் தெருவில் எல்லோரும் கேலி பேசினார்கள். சனிக்கிழமை காலையில் வாளியும் துணியுமாக வாசலுக்கு வந்தான் என்றால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அதை விடமாட்டான். சக்கரத்தின் இடுக்கில் பழைய பல் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பான். ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு, மூன்று தெரு தள்ளியிருந்த மாதா கோயிலுக்குப் போவான். பூசை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவான். அவ்வளவுதான். எஃகு ஆலைக்கு மற்ற ஆட்களோடு சேர்ந்து நடந்தே போய்விடுவான். வாரம் முழுக்கக் கார் வாசலில் சும்மா நிற்கும்.

அவன் மனைவி டியேகாவுக்கு அந்தக் காரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் பஸ்ஸைப் பிடித்துப் பின்னலாடை ஆலைக்குப் போய், மாலையில் இரண்டு கையிலும் பையோடு மார்க்கெட்டிலிருந்து இன்னொரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள். வந்தால் வாசலில் இது பளபளவென்று நிற்கும். "ராசா மாதிரி நிக்குது பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கவாட்டில் ஒடுங்கி வீட்டுக்குள் போவாள்.

அவள் சிசிலியிலிருந்து வந்தவள். கல்யாணம் அங்கே நடந்தபோது நுன்சியோ கனடாவில் ஆலையில் இருந்தான். மாப்பிள்ளைக்குப் பதிலாக அவனுடைய அண்ணன் கோயிலில் நின்று மோதிரம் போட்டான். அந்த ஊரில் அப்போது பாதிக் கல்யாணம் அப்படித்தான். பிறகு கப்பலில் ஹாலிஃபாக்ஸ் வந்து இறங்கி, ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்று, ஹாமில்டன் ஸ்டேஷனில் போட்டோவும் கையுமாக நின்று தன் புருஷனைத் தேடிக் கண்டுபிடித்தாள். அவன் நல்லவன்தான். குடித்துவிட்டு அடிக்கிறவன் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டால் சரி என்றும் சொல்லமாட்டான், முடியாது என்றும் சொல்லமாட்டான். "பாக்கலாம்" என்பான். அந்தப் 'பாக்கலாம்' ஒன்றே போதும் அவளுக்கு ரத்தம் கொதிக்க.

அவளை முழுசாகக் கிளப்பிவிட்டது 1966 பிப்ரவரியில் நடந்த விஷயம். மகள் நெல்லாவுக்கு அப்போது ஆறு வயது. காது வலிக்கிறது என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பிள்ளை, மத்தியானத்துக்கு மேல் நெருப்பாகக் கொதித்துப் பிதற்ற ஆரம்பித்துவிட்டது. நுன்சியோ ஆலையில் இருந்தான். டியேகா பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். வந்த பஸ் நிரம்பி வழிந்தது. நிற்காமல் சகதியை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. அவள் நடந்தே போனாள். உறைபனியில் வழுக்கி ஒரு முறை விழுந்தாள், பிள்ளையை மட்டும் கீழே விடவில்லை.

மாலையில் நுன்சியோ சாப்பாட்டு டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"காதுக்குள்ள சவ்வு கிழிஞ்சு சீழ் பிடிச்சிருச்சாம். இனிமே அந்தக் காது பாதிதான் கேக்குமாம்."

"ஒரு டாக்ஸியைக் கூப்பிட்டிருக்கலாமே."

"எந்த பாஷையில கூப்பிடச் சொல்ற? சாவி ஆணியில தொங்கிட்டிருந்துச்சு, நுன்சியோ. கார் வாசல்ல நின்னுட்டிருந்துச்சு. நான் அதைச் சுத்திக்கிட்டு புள்ளையத் தூக்கிட்டு நடந்தேன்."

அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஓட்டச் சொல்லிக்குடு," என்றாள்.

"பாக்கலாம்."

பனி உருகட்டும் என்றான். உருகியது. ஈஸ்டர் முடியட்டும் என்றான். முடிந்தது. ரோட்டில் கூட்டம் அதிகம், வெயில் அதிகம், இலை விழுந்து வழுக்குகிறது, மறுபடியும் பனி. ஒரு வருஷம் சுற்றி வந்தபோது டியேகா அவனைக் கேட்பதை விட்டுவிட்டாள். ஆலைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை எடுத்துக்கொண்டு நகரத்தில் இருந்த ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள்.

அங்கே சொல்லிக்கொடுத்தவன் ஒரு தடித்த ஆள், பெயர் ஹார்வி. எப்போதும் வாயில் சுருட்டு. இங்கிலீஷ் தவிர வேறொன்றும் தெரியாது. அவளுக்குப் புரியவில்லை என்றால் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வான். அப்போதும் புரியவில்லை என்றால் முன்னாலிருந்த பலகையில் கையால் ஓங்கி அடிப்பான். "நான் என்ன செவிடா?" என்று அவள் தன் பாஷையில் கத்துவாள். அவன் அதற்கும் மேலே கத்துவான். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் சண்டை போட்டுக்கொண்டே ஊரைச் சுற்றுவார்கள்.

முதல் டெஸ்ட் அன்று பரிசோதகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், மெல்லிய கோட்டு. கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு அவர், "புல் ஓவர்" என்றார்.

டியேகா வேலை பார்த்த ஆலையில் நாள் முழுக்க அவள் தைத்தது புல்லோவருக்கு, அதாவது தலைவழி மாட்டுகிற கம்பளிச் சட்டைக்கு, கைதான். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்று. பாவம், மனிதனுக்குக் குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டாள். அவர் மறுபடியும், கொஞ்சம் அழுத்தி, "புல் ஓவர்!" என்றார். எங்கள் ஆலையில் நல்லதாகக் கிடைக்கும், மலிவு, நானே வாங்கி வருகிறேன் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே காரை ஓட்டிப்போனாள். மூன்றாவது முறை அவர் கத்தியபோது சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தார்கள். ஓரமாக நிறுத்து என்பதற்கும் அதே வார்த்தைதான் என்று ஹார்வி சொல்லித்தரவே இல்லை.

மறுநாள் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்யாசியா என்ற பெண்ணுக்கு ரொட்டி புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளும் டியேகாவின் ஊரிலிருந்தே வந்தவள். அவள் புருஷன் காஸ்பரே நுன்சியோவோடு எஃகு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன்.

"சிரிங்கடி, நல்லா சிரிங்க. நீங்க போய் உக்காந்து பாருங்க, அப்பத் தெரியும்."

"நாங்க எங்கே உக்கார? உன்னை மாதிரி துணிச்சல் எவளுக்கு இருக்கு?" என்றாள் இன்யாசியா. சிரிப்பு நின்றபிறகு கிட்டே நகர்ந்து வந்து, "நெஜமாவே கஷ்டமா அது?" என்று கேட்டாள்.

"நீ தையல் மெஷின் பெடலை மிதிக்கிறியே, கஷ்டமா? அதே மாதிரிதான். மெதுவா அழுத்துனா மெதுவாப் போகும். பிரேக்கு பக்கத்துல இருக்கும். ஊசிக்குப் பதிலா ரோட்டைப் பாக்கணும். இதை அந்தச் சுருட்டுக்காரன் மூணு மாசமா கத்துறான்."

டியேகா இரண்டாவது தடவையும் தோற்றாள். அதற்கடுத்த தடவையும். கடைசியில் லைசென்ஸ் கையில் கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில், நுன்சியோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"பத்திரமா வச்சுக்கோ," என்றான்.

மறுநாள் காலையில் ஆணியில் சாவி இல்லை. அது அவனுடைய கால்சட்டைப் பைக்குப் போய்விட்டிருந்தது. அவள் கேட்டாள். "பாக்கலாம்" என்றான்.

டியேகா அன்றைக்குத் தட்டு எதையும் உடைக்கவில்லை. உடைத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆலைக்குப் போனாள், வந்தாள். ஆனால் ஆலையில் பெண்கள் அவளை விடவில்லை. அந்த ஹார்வி மாதிரி ஆளிடம் எங்களால் போக முடியாது, நீ சொல்லிக்கொடு, நம் பாஷையில் சொல்லிக்கொடு என்று தினம் தொணதொணத்தார்கள். கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு பிடிவாதம் ஏறியது. புருஷன் சாவி தரமாட்டான் என்றால் தனக்கென்று ஒரு கார். சும்மா காரில்லை, தொழிலுக்குக் கார். சொல்லிக்கொடுப்பதற்கும் தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். அதையும் எழுதினாள். இங்கிலீஷில் எழுதினாள், அகராதியைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படித்திருந்தாள்.

தொழில் பதிவு செய்யும் ஆபீசில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டான்.

"அவருக்கு இதில வேலை இல்ல."

"அப்ப முதலாளி யாரு?"

"நான்."

அவன் அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

ஜேம்ஸ் தெருவில் மீன்கடைக்கு ஒட்டினாற்போல ஒரு ஒடுங்கிய அறை கிடைத்தது. எப்போதும் கருவாட்டு நாற்றம். கதவுக்கு மேலே இத்தாலியனிலும் இங்கிலீஷிலும் டியேகா டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு. சின்ன வெள்ளைக் கார், சொல்லிக்கொடுக்கிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக், தலைக்கு மேலே பெயர்ப் பலகை. அதை அவள் முதல் நாள் வீட்டுக்கு ஓட்டி வந்து நீலக் காருக்குப் பின்னால் ஒட்டினாற்போல நிறுத்தினாள். நுன்சியோ ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ல என்ன சொல்வாங்க?" என்றான் அவள் உள்ளே வந்ததும்.

"ஊரு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"பாதி ஊரு இந்தத் தெருவுலதான்டி இருக்கு!"

அதுவும் உண்மைதான். அந்தப் பாதி ஊர் பேசியது. பாரில் சீட்டாடுகிறவர்கள் வெள்ளைக் கார் கடந்து போனால் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். ஆனால் பெண்கள் வந்தார்கள். கோயில் முடிந்ததும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக வந்து காதில் கிசுகிசுத்தார்கள். நான்கு மாதத்தில் டியேகா ஆலை வேலையை விட்டாள்.

ஸ்கூல் தொடங்கியபோது அவளுக்குத் தெரியாத ஒன்று, பெண்கள் தனியாக வரமாட்டார்கள் என்பது. புருஷன்மார்கள் கூட வருவார்கள். பொண்டாட்டி வேறொருவர் காரில் போகிறாளாம், அதனால் துணைக்காம். பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்தால் சும்மா இருப்பார்களா? இன்யாசியா முதல் முறை வந்தபோது காஸ்பரே பின்னால் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மெதுவா... மெதுவா! பிரேக்கு! ஏய், பிரேக்கு போடு!"

"காஸ்பரே, வண்டி இன்னும் கிளம்பவே இல்ல," என்றாள் டியேகா.

"கிளம்புறதுக்கு முன்னாடி சொன்னாத்தானே இவளுக்கு மண்டையில ஏறும். என்னடி பாக்குற? இந்தப் பக்கம் பாரு. இல்ல, அந்தப் பக்கம்!"

இன்யாசியா எந்தப் பக்கமும் பார்க்க முடியாமல் திகைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். டியேகா தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள்.

"காஸ்பரே, உன் கிரேன்ல நான் வந்து பின்னாடி உக்காந்து இப்படிக் கத்துனா நீ என்ன பண்ணுவ?"

"நீ எப்படி வருவ? கிரேன்ல பொம்பளைங்களுக்கு இடமில்ல."

"இங்க ஆம்பளைங்களுக்கு இடமில்ல. இறங்கு."

அவன் இறங்கவில்லை. டியேகா மறுநாள் கதவில் 'புருஷன்மார் வர வேண்டாம்' என்று எழுதி ஒட்டினாள். அதற்கப்புறம் ஒரு ஈ காக்கை வரவில்லை. மீன்கடைக்காரர் அனுதாபப்பட்டு ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். பிறகு வேறு வழி கண்டுபிடித்தாள். எஃகு ஆலையில் யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்று பெண்களிடமே கேட்டுவைத்து, புருஷன் உலைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாடம் வைத்தாள். இன்யாசியா பின்சீட்டில் ஆள் இல்லாமல் ஓட்டியபோதுதான் டியேகாவுக்குத் தெரிந்தது, இவள் தன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று. கண்ணாடியைப் பார்ப்பது, வளைவில் ஸ்டியரிங்கைக் கை விட்டுப் பிடிப்பது எல்லாம் பிறவியிலேயே வந்தது மாதிரி இருந்தது. முதல் டெஸ்டிலேயே தேறினாள். இரண்டு பேரும் லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் டியேகா மார்க்கெட் பக்கம் போகும்போது பஸ் நிறுத்தத்தில் இன்யாசியா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பை. மூக்கு சிவந்து போயிருந்தது. டியேகா வண்டியை ஓரம் கட்டிக் கண்ணாடியை இறக்கினாள்.

"உன் வீட்டுக் கார் எங்கே?"

"வீட்டுலதான்."

"லைசென்ஸ்?"

"கரண்டி போடுற டிராயர்ல இருக்கு." இன்யாசியா தலையைக் குனிந்துகொண்டாள். "அவசரம்னா மட்டும் ஓட்டலாங்கிறாரு."

"அவசரம்னா?"

"அவரு சாகக் கிடந்தா."

"அப்பவும் சாவி அவன் பாக்கெட்லதானே இருக்கும்!"

இன்யாசியா சிரித்தாள். டியேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தாள். அவள் சொல்லிக்கொடுத்துத் தேறிய பெண்களில் பாதிக்கு மேல் ஒரு நாள்கூட ஓட்டவில்லை. ஒருத்தியின் லைசென்ஸ் மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. இன்னொருத்தி புருஷன் அதை நண்பர்களிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்கிறானாம், ஆனால் சாவி தரமாட்டானாம். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது எல்லாம் கரண்டிகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறது. அவள் பங்குச் சாமியாரிடமே போய் நின்றாள்.

"சாமி, பிரசங்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. பொண்டாட்டிக்குச் சாவி குடுங்கடான்னு."

"எனக்கே பிஷப் இன்னும் கார் குடுக்கலம்மா," என்றார் அவர்.

இதெல்லாம் போதாதென்று அதே குளிர்காலத்தில் நுன்சியோ ஆலை முற்றத்தில் உறைபனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். முழங்கை வரை மாவுக்கட்டு. வாரா வாரம் மலைமேல் இருந்த ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஹாமில்டன்காரர்கள் மலை என்று சொல்வது நகரத்துக்குப் பின்னால் சுவர் மாதிரி எழுந்து நிற்கிற அந்த மேட்டை. அதில் ஏறுகிற ரோடு செங்குத்து.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் டியேகா.

"பஸ் இருக்கு."

"ஊர்ல இருக்கிற பொண்டாட்டிங்களையெல்லாம் நான் ஏத்திக்கிட்டுச் சுத்துறேன். என் புருஷன் பஸ்ல போவானா?"

"பஸ்ஸு நல்லாத்தானே இருக்கு."

கோட்டை ஒரு தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். டியேகாவுக்கு வந்த கோபத்தில் கண்மண் தெரியவில்லை. வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனாள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் நின்றாள். பின் கண்ணாடி வழியாகப் பயணிகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தலைக்கு மேலே பலகையோடு ஒரு டிரைவிங் ஸ்கூல் கார், ஸ்டியரிங்கில் கருப்பு ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண், உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. நுன்சியோ திரும்பவே இல்லை.

மலை அடிவாரத்தில் அவன் பஸ் மாற வேண்டும். ஆலங்கட்டியும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. டியேகா நிறுத்தத்துக்கு முன்னால் வந்து நின்று கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறு."

"ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். கல்யாணத்துக்கே ஆள் அனுப்பினவன்தானே நீ! டாக்டர்கிட்டயும் உங்க அண்ணனை அனுப்பேன்!"

நிறுத்தத்தில் நின்ற இத்தாலியக் கிழவர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். நுன்சியோ காது வரை சிவந்து, பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முன்னால் காலியாக இருந்த இடத்தை அவன் பார்க்கக்கூட இல்லை.

மேட்டில் பாதி தூரம் ஏறும்போது எதிரே ஒரு லாரி இறங்கி வந்தது. டியேகா கண்ணாடியில் தற்செயலாகப் பின்னால் பார்த்தாள். நுன்சியோ நல்ல கையால் முன்சீட்டைக் கட்டிப்பிடித்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. கண் இறுக மூடியிருந்தது, வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. அது வெட்கப்படுகிற முகம் இல்லை. முதல் பாடத்துக்கு வரும் பெண்களிடம் அவள் தினம் பார்க்கிற முகம் அது.

மேலே ஏறியதும் ஓரமாக நிறுத்தினாள்.

"நுன்சியோ. நீ இந்த ரோட்டுல ஓட்டியிருக்கியா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எங்கேதான் ஓட்டியிருக்க?"

"கோயிலுக்கு."

"அப்புறம்?"

அவன் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்குன புதுசுல ஒரு தடவை இங்க ஏறுனேன். நடுவுல வண்டி நின்னுபோச்சு. பின்னாடி உருளுது. எல்லாரும் ஹார்ன் அடிக்கிறான். எவனோ ஒருத்தன் இறங்கி வந்து என்னைத் தள்ளி உக்காரச் சொல்லிட்டு அவன் ஓட்டிட்டுப் போய் மேல விட்டான். வீட்டுக்கு அவன்தான் கொண்டாந்து விட்டான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன. கோயிலைத் தாண்டி ஒரு தெரு போனதில்ல."

டியேகா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தாள். கண்ணாடியில் மழை வழிந்தது.

"நெல்லாவைத் தூக்கிட்டு நான் நடந்த அன்னிக்கு நீ வீட்டுல இருந்திருந்தா?"

"இருந்திருந்தாலும் நானும் தூக்கிட்டு நடந்துதான் இருப்பேன்," என்றான் அவன் மெதுவாக.

"மானம் போயிரும்னு எனக்குச் சொல்லிக்குடுக்கலன்னு நினைச்சேன். அப்படின்னாக்கூட எங்க அப்பன் மாதிரி ஒரு மடையன்னு விட்டிருப்பேன். உனக்கே தெரியாதா? தெரியாததை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன்தான்! சிரிச்சுட்டு வேற வழி பாத்திருப்பேன்! ஹார்விகிட்ட வாங்கின ஏச்செல்லாம் மிச்சமாயிருக்குமே!"

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலம் முழுக்க டியேகா அவனோடு பேசவில்லை. சூப்பும் ரொட்டியும் மேசையில் வைப்பாள், போய்விடுவாள். ஈஸ்டருக்கு அப்புறம் அவளாகவே வாயைத் திறந்து, "வா, நான் சொல்லித்தர்றேன்" என்றாள். "அந்தப் போர்டு வச்ச கார்லயா?" என்று கேட்டான். போர்டைக் கழற்றுகிறேன் என்றாள். பாக்கலாம் என்றான். அவள் கையிலிருந்த தட்டு அன்றைக்கு உடைந்தது.

நீலக் காரின் அடித்தகடு, பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பில் அரித்துப் போய், அடுத்த வருஷம் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. மேலே ஒரு கீறல் கிடையாது. நுன்சியோ வேறு கார் வாங்கவில்லை. கோயிலுக்கு வெள்ளைக் காரில் வந்தான், பின்சீட்டில், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

ஸ்கூலில் பெண்கள் கூட்டம் அதிகமாகிவிட்டது. போர்ச்சுகீசியப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஒரு ஆளால் முடியவில்லை. டியேகா இன்யாசியாவைக் கூப்பிட்டாள். இன்யாசியா வீட்டுக்குத் தெரியாமலே பரீட்சை எழுதித் தேறினாள். மறுநாளே காஸ்பரே கடைக்கு வந்துவிட்டான். மீன்கடையில் நின்றவர்களெல்லாம் வாசலுக்கு வந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

"என் பொண்டாட்டியை நான் ஓட்ட விடல, நீ வாத்திச்சியாக்குறியா? யாரைக் கேட்டு ஆக்குற?"

"அவளைக் கேட்டு," என்றாள் டியேகா. இன்யாசியா மேசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்றாள்.

நுன்சியோ அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து அங்கே இருந்தான். கதவுக் கீல் ஆடுகிறது என்று திருப்புளியோடு முழங்காலில் உட்கார்ந்திருந்தான். காஸ்பரே அவன் பக்கம் திரும்பினான்.

"எல்லாம் உன்னால வந்தது. நீ ஒருத்தன் உன் பொண்டாட்டியை அடக்கி வச்சிருந்தா தெரு முழுக்க இப்படிக் கெட்டுப் போயிருக்குமா? ஆம்பளையா நீ? பின்னாடி உக்காந்து வர்ற!"

டியேகா வாயைத் திறப்பதற்குள் நுன்சியோ பேசினான். திருப்புளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எனக்கு ஓட்ட பயம்டா, காஸ்பரே."

"என்ன?"

"கார் ஓட்ட பயம். பன்னெண்டு வருஷமா பயம். அவளுக்கு பயமில்ல, அவ ஓட்டுறா. அதான் பின்னாடி உக்கார்றேன். முன்னாடி உக்காந்தா ரோடு தெரியுது."

காஸ்பரே வாசலில் நின்றவர்களைப் பார்த்தான், மறுபடி இவனைப் பார்த்தான். "பயமா? கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்துல நிக்கிறவன்டா நீ!"

"இரும்பு எதிர்ல ஹார்ன் அடிச்சுக்கிட்டு வராதுடா."

மீன்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், காஸ்பரேயைத் தவிர. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கே விளங்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை இன்யாசியா வேலைக்கு வந்தாள். பஸ்ஸில்தான் வந்தாள். வீட்டுக் காரின் சாவி அதற்கப்புறமும் காஸ்பரேயின் பாக்கெட்டில்தான் இருந்தது. பகல் முழுக்க மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்பாள். 

காஸ்பரே போன அன்று, வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்ததும், நுன்சியோ மறுபடியும் கீலைத் திருக ஆரம்பித்தான். டியேகா அவன் தலைக்கு மேலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மீன் வாங்க வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்ற. என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு மலை ஏற வேண்டியிருந்துச்சு."

"இப்ப சொல்லிட்டேன்ல."

"இப்ப! நெல்லாவுக்குக் காது போயி, நான் ஹார்விகிட்ட ஏச்சு வாங்கி, டெஸ்ட்ல மூணு தடவை தோத்து, சாவியை நீ பாக்கெட்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சு, எல்லாம் முடிஞ்சு, இப்ப!"

"கதவைக் கொஞ்சம் பிடி, ஆடுது," என்றான்.

அவள் பிடித்துக்கொண்டாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த பெண் வாசலிலேயே தயங்கி நின்றாள். டியேகா அவளைப் பார்த்து, "நீ போய் வண்டியில உக்காரு, கண்ணாடியைச் சரி பண்ணி வை, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.